அந்த நாய் எங்கட குறியீடு அல்ல

"இதில வாற நாய் எதைக் குறிக்குது?"

எங்களுடைய காணொளி நிறுவலைப் பார்க்க வந்தவர்களில் பலர் எங்களிடம் கேட்ட முதற்கேள்வி இதுதான். நாங்களும் ஒரே பதிலைத்தான் சொன்னோம்: "நாயைத்தான் குறிக்குது." சிலர் சிரித்தார்கள். சிலர் நாங்கள் எதையோ ஒளிக்கிறோம் என்று நினைத்தார்கள். ஒருவர் மட்டும் உண்மையான ஏமாற்றத்தோடு, "அப்ப ஏன் இவ்வளவு மினக்கெட்டு வரைஞ்சனீங்கள்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இந்தக் கட்டுரை அவருக்கான பதில். ஏன் மினக்கெட்டோம் என்பதையும், எங்கள் சூழலில் மிருகங்களை வரைகிற, எழுதுகிற, படமெடுக்கிற பழக்கத்தோடு எங்களுக்கு என்ன சண்டை என்பதையும் சொல்கிறோம். எங்களுடைய பிழையையும் சொல்லத்தான் வேண்டும். அதை மறைத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் புத்தி சொல்ல முடியாது.

முதலில் என்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறோம். யாழ்ப்பாணத்தில் ஆட்கள் வெளிநாடு போய்ப் பல வருசமாகப் பூட்டிக் கிடந்த ஒரு பழைய வீட்டை ஒரு கிழமைக்குத் தந்தார்கள். விறாந்தை, இரண்டு அறைகள், குசினி என்று நாலு இடங்களில் புறொஜெக்டர் வைத்து, சுவரிலும் தரையிலும் முகட்டிலும் கையால் வரைந்த அசைவூட்டப் படங்களை விழுத்துவது திட்டம். கதிரை போட்டு இருந்து பார்க்கிற படம் இல்லை. வருகிறவர்கள் வீட்டுக்குள் நடந்து திரிவார்கள். ஒரு மூலையில் பல்லி ஓடும், வாசற்படியில் நாய் படுக்கும், குசினிப் புகட்டில் பூனை ஏறும், யன்னல் விளிம்பில் அணில் கத்தும். எல்லாம் சேர்த்து ஆறு நிமிடம், திரும்பத் திரும்ப ஓடும்.

ஆறு நிமிடம் என்றால் சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். செக்கனுக்கு 12 படம் என்று கணக்குப் பார்த்தால் 4,320 படம். எங்களிடம் அவ்வளவு தாளும் இல்லை, ஆளும் இல்லை. தென்னாபிரிக்கக் கலைஞர் வில்லியம் கென்ட்ரிட்ஜ் 1989 முதல் கையாண்டுவரும் ஒரு முறை கைகொடுத்தது: ஒரே தாளில் கரியால் வரைந்து, ஒரு படம் எடுத்து, கொஞ்சம் அழித்து, அதன் மேலேயே அடுத்த அசைவை வரைவது. போன் கமரா போதும். முழுதாக அழியாது. முன்னைய அசைவின் புகைபோன்ற தடம் தாளில் கிடக்கும். பூனை நடந்துபோனால் அது நடந்த வழி பின்னால் மங்கலாகத் தெரியும். வீடு என்பதும் அப்படித்தானே! யார் போனாலும் ஊத்தை கொஞ்சம் சுவரில் நிற்கும்.

வரையத் தொடங்கிய பிறகுதான் ஒரு உண்மை எங்களுக்கு உறைத்தது. சின்னனில் இருந்து இந்த மிருகங்களோடு ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறோம், ஆனால் ஒன்றையும் பார்த்ததில்லை. பூனை எந்தக் காலை முதலில் வைக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. நாலு நாள் ஒரு பூனைக்குப் பின்னால் திரிந்து பார்த்தோம். வலப்பின்னங்கால், வலமுன்னங்கால், பிறகு இடப்பின்னங்கால், இடமுன்னங்கால். முன்னங்கால் பட்ட தடத்திலேயே பின்னங்காலை வைக்கிறது. அதனால்தான் சருகுக்கு மேலால் போனாலும் சத்தம் குறைவு. பல்லி ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். அதை வரைந்தவர் கடைசியில் ஓட்டத்தைக் குறைத்து நிற்பதை நீட்டினார். "எங்கட படத்திலயே ஒண்டும் செய்யாமல் நிக்கிற பாத்திரம் இதுதான்" என்றார். நாய் படுக்க முன் ஏன் சுற்றிச் சுற்றி வருகிறது என்று யோசித்துக்கொண்டே அந்தச் சுற்றலை மட்டும் நாற்பது தரம் அழித்து வரைந்தோம்.

கமராவைப் பிடித்தால் மிருகம் தானாகவே பதிவாகிவிடும். வரைந்தால் ஒவ்வொரு அசைவையும் தீர்மானிக்க வேண்டும். பார்க்காததைத் தீர்மானிக்க முடியாது. மினக்கெட்டதற்கு இதுதான் காரணம். இந்த மினக்கெடலுக்குள்ளால்தான் எங்களுடைய மூன்று சண்டைகளும் வந்தன.

முதற்சண்டை குறியீட்டோடு.

வேலை பாதியில் நின்றபோது காசு தேடிப் போனோம். உதவி செய்யக்கூடிய ஒரு இடத்தில் எங்கள் வரைபுகளைப் பார்த்தவர் நல்ல மனதோடுதான் சொன்னார்: "இந்த நாயை இடம்பெயர்ந்த சனத்தின்ர குறியீடாக் காட்டலாமே. அப்பிடியெண்டால் எங்கட நிகழ்ச்சித்திட்டத்துக்குள்ள வரும்." நாங்கள் இரண்டு நாள் அதைக் கதைத்தோம். காசு வேண்டும். அதோடு, அப்படிச் சொன்னால் படம் கனதியாகவும் தெரியும். போர் நடந்த மண்ணில் இருந்து வருகிற எந்தப் படைப்பும் போரைப் பற்றித்தான் பேச வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வெளியில் இருந்து மட்டும் வருவதில்லை. எங்களுக்குள்ளும் இருக்கிறது.

கடைசியில் மறுத்தோம். மறுப்பதற்குக் காரணம் தந்தது எங்களில் ஒருவரின் அம்மம்மா. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் வெளிக்கிட்டது. நாங்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். கேட்டுத்தான் தெரியும். அம்மம்மா சொன்னது: "மாட்டை அவிட்டு விட்டனாங்கள். கோழிக்கூட்டைத் திறந்து விட்டனாங்கள். நாய் ஒழுங்கை முடியுமட்டும் வந்தது. பிறகு திரும்பி வீட்டுக்குப் போட்டுது. நாங்கள் போயிட்டம், அது வீட்டைக் காக்கப் போட்டுது." அதற்குப் பிறகு அவர் அந்த நாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இப்போது சொல்லுங்கள். அந்த நாய் இடம்பெயர்ந்தவர்களின் குறியீடா? அது இடம்பெயரவே இல்லையே. இடம்பெயர்ந்தது நாங்கள். அதை விட்டுவிட்டுப் போனதும் நாங்கள். உயிர் தப்ப ஓடியவர்களில் நாங்கள் குற்றம் காணவில்லை. அந்த இரவில் வேறு வழி இருக்கவில்லை. ஆனால் விட்டுவிட்டுப் போன ஒன்றை எடுத்து எங்களுடைய துயரத்தின் உருவமாக மாட்டினால், அதற்கு நடந்தது இரண்டாம் தரமும் இல்லாமற் போகிறது. அது தனியாக அந்த வீட்டில் என்ன செய்தது, என்ன தின்றது, எத்தனை நாள் படலையைப் பார்த்துக்கொண்டிருந்தது என்ற கேள்விகளுக்கு இடமில்லாமற் போகிறது.

இது கலைஞர்களின் பழக்கம் மட்டும் இல்லை. பல்லி சொன்னால் எங்களுக்குப் பலன். காகம் கரைந்தால் எங்கள் வீட்டுக்கு விருந்தாள். நாய் ஊளையிட்டால் எங்கள் ஒழுங்கையில் சாவு. பூனை குறுக்கே போனால் எங்கள் காரியம் பிழைக்கும். பூனைக்கும் ஒரு காரியம் இருந்திருக்கும், அதற்காகத்தான் குறுக்கே போனது என்று ஒருவரும் யோசிப்பதில்லை. மிருகத்தை எங்களைப் பற்றிய செய்தியாக வாசிக்கிற பழக்கத்தை மூடநம்பிக்கை என்று பகிடி பண்ணுகிற நாங்களே, கண்காட்சிக்குப் போனதும் "இது எதைக் குறிக்குது?" என்று கேட்கிறோம். இரண்டும் ஒரே பழக்கம்தான்.

இரண்டாவது சண்டை செல்லத்தோடு.

"ஐயோ, வடிவான பூனைக்குட்டி! இன்னும் கொஞ்சம் பெரிய கண் வைச்சு வரையுங்கோவன்." இதையும் கன பேர் சொன்னார்கள். அசைவூட்டத்தின் வரலாறே எங்களுக்கு இதைப் பழக்கிவிட்டது. 1878இல் எட்வர்ட் மைபிரிட்ஜ் ஓடுகிற குதிரையைத் தொடர்படங்களாக எடுத்து, நாலு காலும் ஒரே நேரத்தில் நிலத்தை விட்டு எழும்புகின்றன என்று காட்டினார். அசையும் படத்தின் தொடக்கத்திலேயே மிருகம் நிற்கிறது. 1910 அளவில் ஸ்டாரெவிச் என்பவர் வண்டுகளின் சண்டையைப் படமெடுக்கப் பார்த்தார். வெளிச்சம் பட்டதும் வண்டுகள் அசையாமல் விட்டன. ஆகவே செத்த வண்டுகளின் கால்களில் கம்பி பூட்டி, கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துப் படமெடுத்தார். உயிரோடு சொன்னபடி கேட்காதது செத்தபிறகு கேட்டது. 1928இல் மிக்கி மௌஸ் திரைக்கு வந்தது. இன்று எங்கள் வீடுகளில் அலுமாரிக்குக் கீழே எலிப்பாசாணம், அலுமாரிக்கு மேலே மிக்கி போட்ட பள்ளிக்கூடப் பை. இரண்டும் ஒரே வீட்டில் இருப்பது எங்களுக்கு ஒருநாளும் இடறியதில்லை.

எலியை வளர்க்கச் சொல்லவில்லை. எலிக்காய்ச்சல் என்ன என்று வயலில் இறங்குகிறவர்களுக்குத் தெரியும். நாங்கள் கேட்பது, சொன்னபடி கேட்கிற, வடிவான, எங்களைப் பார்த்துச் சிரிக்கிற மிருகத்துக்கு மட்டும்தானா வீட்டில் இடம்? பல ஆயிரம் ரூபா கொடுத்துச் சாதிநாய் வாங்கிக் கூட்டில் அடைத்து, அதன் படத்தை முகநூலில் போடுகிற அதே ஊரில்தான் சந்தைக்குப் பின்னாலும் கோயில் வீதியிலும் உரப்பையில் கட்டிய குட்டிகள் விடப்படுகின்றன. அந்தப் பையை அவிழ்த்துப் பாருங்கள். அநேகமாகப் பெட்டைக்குட்டிகள். கடுவனை வைத்துக்கொள்ளலாம், பெட்டை குட்டி போடும், கரைச்சல். இந்தக் கதையை நாங்கள் வேறு எங்கும் கேட்டதே இல்லையா?

2006இல் இருந்து இந்த நாட்டில் தெருநாய்களைக் கொல்லுவதில்லை என்ற கொள்கை இருக்கிறது. நல்லது. ஆனால் கொல்லாமல் விடுவது வேறு, சேர்ந்து வாழ்வது வேறு. சேர்ந்து வாழ்வதென்றால் விசர்நாய்த் தடுப்பூசி போட வேண்டும், கருத்தடைக்குக் கொண்டுபோக வேண்டும், ஒழுங்கையில் சைக்கிளில் போகிற பிள்ளையைக் கடிக்க வந்தால் அதற்கும் பதில் சொல்ல வேண்டும். அன்பு என்ற ஒரு சொல்லோடு இதெல்லாம் முடியாது. இது வேலை. பெரிய கண் வரைவதால் அந்த வேலை ஒருவருக்கும் ஞாபகம் வராது.

மூன்றாவது சண்டை பழைய வீட்டு ஏக்கத்தோடு. இதில்தான் எங்களுக்குள்ளேயே கூடச் சண்டை.

நாங்கள் படம் காட்டிய வீடு முற்றம் வைத்த பழைய வீடு. வந்த பெரியவர்கள் நெகிழ்ந்து போனார்கள். "அந்தக் காலத்தில ஆடு, மாடு, கோழி, குருவி எல்லாம் எங்களோடதான் தம்பி. குருவி கூடு வைக்க முட்டி கட்டித் தூக்கிறனாங்கள். இப்ப ரைல்ஸ் போட்டு, சீலிங் அடிச்சு, மதிலுக்கு மேல போத்தல் ஓடு குத்தி எல்லாத்தையும் கலைச்சிட்டினம்." இதில் பாதி உண்மை. கிடுகுவேலி கீரியைப் போகவிட்டது, மதில் விடாது. நாங்களும் இதைத்தான் முதலில் படத்தின் மையமாக வைக்க இருந்தோம்.

பிறகு எங்களில் ஒருவர் கேட்டார்: "அந்த விறாந்தையில நாய் படுத்தது சரி. என்ர அப்பப்பா எங்க நிண்டவர்?"

அவருடைய அப்பப்பா அப்படிப்பட்ட ஒரு வீட்டில் வேலை செய்தவர். விறாந்தையில் ஏற முடியாது. முற்றத்தில் நிற்க வேண்டும். தண்ணீர் சிரட்டையில். கிணற்றில் அள்ள முடியாது. அதே கிணற்றடியில் காகம் குளிக்கும், பூனை குடிக்கும், அதற்கு ஒருவரும் தீட்டுக் கழிப்பதில்லை. தேநீர்க் கடைகளிலும் கோயில்களிலும் உள்ளே போவதற்கு 1966 ஒக்டோபர் 21 எழுச்சியும் 1968 மாவிட்டபுரமும் நடக்க வேண்டியிருந்தது இந்த மண்ணில்தான். மிருகங்களோடு வீட்டைப் பகிர்ந்துகொண்ட பொற்காலம் என்று நாங்கள் ஏங்குகிற அந்த வீடு, மனிதரோடு பகிர்ந்துகொள்ளாத வீடு. காகத்துக்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிட்ட வீடு, வேலை செய்தவருக்குச் சிரட்டை கொடுத்த வீடு.

ஆகவே "மிருகங்களுக்கு எங்கள் முன்னோர் இடம் கொடுத்தார்கள்" என்று பெருமையாகச் சொல்லி ஒரு படம் செய்ய எங்களால் முடியாது. வீடு எப்போதும் தரம் பிரித்துத்தான் உள்ளே விட்டது. முன்பு வாசலில் பிரித்தது, இப்போது மதிலில் பிரிக்கிறது. எங்கள் படத்தில் விறாந்தையில் நாய் படுக்கிற காட்சியில், முற்றத்தில் ஒரு சிரட்டை வைத்தோம். அது அசையாது. ஆறு நிமிடமும் அங்கேயே கிடக்கும். ஒருவரும் அதை எதைக் குறிக்கிறது என்று கேட்கவில்லை. கேட்கத் தேவை இல்லாமல் இருந்திருக்கலாம்.

இனி எங்கள் பிழை.

வீட்டின் சாவியை வாங்கித் திறந்தபோது அது காலியாக இருக்கவில்லை. முகட்டில் மரநாய். பின்னறையில் வௌவால். கதவு நிலையில் கறையான். குசினி அடுப்படியில் ஒரு பெட்டை நாய், நாலு குட்டிகள், இன்னும் கண் சரியாகத் திறக்கவில்லை. எங்களுக்குக் குசினி தேவை. அங்கேதான் ஒரு புறொஜெக்டரும் வயர்களும் வைக்க வேண்டும். நேரமில்லை, ஆட்களுக்குச் சொல்லியாயிற்று. தும்புத்தடியால் தட்டி, தண்ணீர் ஊற்றி நாயைக் கலைத்தோம். அது ஒவ்வொரு குட்டியாக வாயில் கவ்விக்கொண்டு மதில் உடைவுக்குள்ளால் அடுத்த காணிக்குப் போனது. அந்த இடத்தைக் கழுவி, உலரவிட்டு, சுவரில் நாங்கள் வரைந்த நாயை விழுத்திப் பார்த்தோம். நல்லாக வந்திருந்தது. கை தட்டினோம்.

வாசிக்கிற உங்களுக்கு உடனே விளங்கியிருக்கும். எங்களுக்கு விளங்க ஒரு இரவு எடுத்தது. மிருகங்களோடு வீட்டைப் பகிர்வதைப் பற்றிப் படம் காட்ட, அந்த வீட்டில் ஏற்கனவே இருந்த மிருகத்தைக் கலைத்திருக்கிறோம். அடுத்த நாள் விடிய அந்தக் காணிக்குள் தேடினோம். தாயும் மூன்று குட்டிகளும் இருந்தன. நாலாவதைக் காணவில்லை. சோறும் தண்ணீரும் வைத்தோம். நாங்கள் நிற்கும்வரை தாய் சாப்பிட வரவில்லை. அன்றே குசினிப் புறொஜெக்டரைக் கழற்றி, கதவைத் திறந்தபடி விட்டோம். அது திரும்பி வரவில்லை. ஏன் வர வேண்டும்?

ஆகவே நிகழ்வின்போது குசினியில் படம் இல்லை. வெறும் இருட்டு. "லைற் பழுதா?" என்று கேட்டவர்களுக்கு நடந்ததைச் சொன்னோம். சொல்லும்போது வெட்கமாக இருந்தது. ஆனால் நாலு இடங்களில் நாங்கள் நேர்மையாக இருந்த ஒரே இடம் அந்த இருட்டுத்தான் என்று இப்போது நினைக்கிறோம்.

கடைசியாக, எல்லோரும் சொல்லத் துடிக்கிற ஒன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும்: "மனுசருக்கே வீடில்லாத நாட்டில நாய் பூனைக்கு என்ன படம்?" இதை லேசாகத் தட்டிவிட மாட்டோம். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களின் காணிகள் இன்னும் முழுதாக விடுபடவில்லை. திரும்பிப் போனவர்கள் கூரை இல்லாத சுவர்களுக்குள் மரம் முளைத்து நிற்பதைக் கண்டார்கள். ஆனால் மனுசருக்கு வீடில்லாமற் போனது நாயாலும் பூனையாலும் இல்லை. காணியைப் பிடித்து வைத்திருப்பவரோடு போட வேண்டிய சண்டையை மரநாயோடு போட்டு என்ன பயன்?

மாங்குளத்தில் நடந்தது ஒன்று. 2009இல் ஊர்ச்சனம் அடித்துக் கொன்ற ஒரு பெரிய சிலந்தி ஆய்வாளர்களின் கைக்குப் போனது. விஞ்ஞானம் அதுவரை பெயர் வைக்காத இனம். பிறகு தேடியபோது பழைய மரங்களிலும், மாங்குளம் ஆஸ்பத்திரியின் பழைய வைத்தியர் விடுதியிலும் அதைக் கண்டார்கள். போர் முடிந்த அந்த வருசம் வன்னிச் சனம் முகாம்களில் அடைபட்டிருந்த வருசமும்தான். காடும் வீடும் ஒன்றாகக் குலைந்த இடத்தில் யார் யாருடைய வீட்டுக்குள் வந்தார்கள் என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. சிலந்தியைக் கண்டு பயந்து அடித்தவர்களையும் எங்களுக்கு விளங்கும். இரண்டு பக்கத்தையும் விளங்கிக்கொள்வது கடினம் என்பதற்காக ஒன்றை மறந்துவிட வேண்டியதில்லை.

நிகழ்வின் இரண்டாம் நாள் இரவு, புறொஜெக்டர் வெளிச்சத்துக்கு ஈசலும் பூச்சிகளும் வந்தன. பூச்சிகளுக்குப் பின்னால் உண்மையான பல்லிகள் வந்தன. நாங்கள் வரைந்த பல்லி ஓடிய அதே சுவரில், அதற்கு மேலேயே ஏறி நின்று, ஒன்று விட்டில் பிடித்துத் தின்றது. எங்கள் படம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. வெளிச்சம் மட்டும் அதற்குப் பிரயோசனமாக இருந்தது. உதவிக்கு வந்த ஒரு பெடியன் படம் பழுதாகுது என்று விளக்குமாற்றோடு ஓடிவந்தான். நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் "விடடா!" என்று கத்தினோம்.

இதை வாசிக்கிற, எங்களைப்போல் வரைகிற, எழுதுகிற, படமெடுக்கிற நண்பர்களிடம் கேட்பது கொஞ்சம்தான். அடுத்தமுறை ஒரு மிருகத்தை உங்கள் படைப்புக்குள் கொண்டுவர முன், அது எப்படி நடக்கிறது என்று நாலு நாள் பாருங்கள். அது உங்களுக்காக எதைச் சொல்கிறது என்று கேட்க முன், அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். பூட்டிக் கிடக்கிற வீட்டைத் திறக்கும்போது, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது வீட்டுக்காரர் போனில் ஒன்று கேட்டார்: "பின் மதில் உடைஞ்சு கிடக்காம். ஆளைப் பிடிச்சுக் கட்டிவிடட்டோ?" குட்டிகள் கொஞ்சம் வளரும்வரை பொறுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.